கடை அடைத்தால்தான் பெயர் வரும்: லவ் தொகுத்த பழைய மதராஸ்

ஆகஸ்ட் 22 நெருங்கினால் மதராஸ் பற்றிய கட்டுரைகள் வரிசையாக வர ஆரம்பிக்கும். அவற்றில் பலவற்றின் வேரைத் தேடிப் போனால் ஒரே புத்தகத்தில் போய் நிற்போம்: ஹென்றி டேவிசன் லவ் தொகுத்த 'வெஸ்டிஜஸ் ஆஃப் ஓல்ட் மெட்ராஸ்'. 1913-ல் லண்டனில் ஜான் முர்ரே வெளியிட்டது. 1640 முதல் 1800 வரையிலான வரலாறு மூன்று தொகுதிகள், இண்டெக்ஸுக்கு மட்டும் தனியாக ஒரு தொகுதி. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், ஆனால் புத்தகத்தையே ஒரு புத்தகமாக எடுத்து விமர்சித்தவர்கள் குறைவு என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பதிவு அதற்கான சிறு முயற்சி.

முதலில் பாராட்டு. லவ் தொழில்முறை வரலாற்றாசிரியர் இல்லை. ராயல் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவு அதிகாரி, சென்னை பொறியியல் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். நம்ம ஆள் என்று சொல்ல ஆசைதான்! அந்தப் பொறியாளர் புத்தி புத்தகம் முழுக்கத் தெரிகிறது. வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதுபோல ஒவ்வொரு சுவரும் வாசலும் தெருவும் எப்போது எங்கே இருந்தது என்று நிறுவிக்கொண்டே போகிறார்.

ஒரு உதாரணம். இன்றைக்கு உயர் நீதிமன்ற வளாகம் இருக்கும் இடத்தில்தான் பழைய கறுப்பர் நகரம் இருந்தது. 1746-ல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர்கள், பீரங்கிக்குக் குறுக்கே வீடுகள் இருக்கக்கூடாது என்று மிச்சத்தையும் இடித்தார்கள். அங்கிருந்த பட்டணம் கோயிலும் அதில் போனது. பிறகு மணலி முத்துகிருஷ்ண முதலியார் முயற்சியில் பூக்கடைப் பக்கம் சென்னகேசவர், சென்னமல்லீஸ்வரர் என்று இரட்டைக் கோயிலாகத் திரும்ப எழுந்தது. வெட்டவெளியின் எல்லையைக் குறிக்க நட்ட தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. இந்த மாதிரி விஷயங்களில் லவ்வை அடிச்சிக்க ஆள் இல்லை.

சரி, அப்புறம் என்ன குறை?

லவ் பெரும்பாலும் நம்பியிருப்பது கோட்டையின் கவுன்சில் குறிப்புகளை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநரும் கவுன்சிலும் கூடிப் பேசியது, முடிவெடுத்தது, லண்டனுக்கு எழுதியது, லண்டனிலிருந்து வந்தது. இவற்றில் பெரும்பகுதி எழும்பூரில் 1909-ல் எழுந்த சிவப்புக் கட்டிடத்தில், இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இவற்றை வரலாறு என்பதைவிட சர்வர் லாக் என்று நினைத்துக்கொண்டால் எனக்கு நன்றாகப் புரிகிறது. பத்தாயிரம் பேர் ஒழுங்காக லாகின் செய்து வேலை முடித்துப் போனால் எரர் லாகில் ஒரு வரியும் இருக்காது. ஏதாவது உடைந்தால் பத்து பக்கம் இருக்கும். எரர் லாகை மட்டும் படிப்பவன் இந்த சிஸ்டம் எப்பவுமே வேலை செய்ததில்லை என்று முடிவு கட்டிவிடுவான்.

மதராஸின் தமிழரும் தெலுங்கரும் கவுன்சில் குறிப்புகளில் இப்படித்தான் வருகிறார்கள். நெய்தபோது, படகு வலித்தபோது, துணி வெளுத்தபோது அவர்கள் இல்லை. நிறுத்தியபோது வருகிறார்கள்.

இரண்டு இடங்களைப் பார்ப்போம். 1686-ல் வில்லியம் கிஃபர்ட் ஆளுநராக இருந்தபோது, கறுப்பர் நகரத்துக்குச் சுவர் கட்ட வீட்டு வரி போடுகிறார்கள். மக்கள் கொடுக்க மறுத்துக் கடைகளை அடைக்கிறார்கள். கம்பெனி மிரட்டிப் பணிய வைக்கிறது. இது ஒரு சம்பவம். அடுத்தது 1688 செப்டம்பர் 29, எலிஹு யேல் ஆளுநராக இருந்தபோது மதராஸ் மாநகராட்சி தொடங்குகிறது. நத்தானியல் ஹிக்கின்சன் மேயர், 12 ஆல்டர்மேன்கள், அதில் மூன்று பேர் இந்துக்கள். ரிப்பன் மாளிகையின் கதையை நாம் பெருமையாக ஆரம்பிக்கும் இடம் இதுதான்.

இரண்டுக்கும் நடுவே இரண்டே வருஷம். லண்டனில் கம்பெனியை நடத்திய ஜோசையா சைல்டின் கணக்கு எளிமையானது: வரியை நாம் போட்டால் எதிர்ப்பார்கள், அவர்களுடைய ஆட்களும் உட்கார்ந்திருக்கும் சபை போட்டால் கொடுப்பார்கள். அதற்காகத்தான் மாநகராட்சி. அப்படியும் வரி எளிதில் வரவில்லை என்பது தனிக்கதை. ஆக, நம்முடைய மாநகராட்சியின் பிறப்பில் ஜேம்ஸ் மன்னருக்கும் சைல்டுக்கும் இருக்கும் பங்கு, கடையை அடைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பெயர் தெரியாத வியாபாரிகளுக்கும் இருக்கிறது.

லவ் இரண்டையும் தருகிறார், எதையும் மறைக்கவில்லை. ஆனால் புத்தகத்தின் அமைப்பு ஆளுநர்களின் பதவிக்காலங்களாக நகர்கிறது. கிஃபர்ட் காலம் முடிந்தது, யேல் காலம் தொடங்கியது. கடையடைப்பு அந்தப் பக்கம் விழுகிறது, மாநகராட்சி இந்தப் பக்கம். முன்னது கலகம், பின்னது நிர்வாகச் சீர்திருத்தம். கோட்டைச் சுவரை இவ்வளவு துல்லியமாக அளந்தவர், இந்த இரண்டு சம்பவங்களுக்கு இடையிலான தூரத்தை அளக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

இரண்டாவது இடம் 1707, தாமஸ் பிட் காலம். வலங்கை, இடங்கை சாதிப் பிரிவுகளுக்குள் எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்று தகராறு. கவுன்சில் தலையிட்டு, பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று பிரித்து எல்லைக்கல் நடுகிறது. பிரச்சினை தீராமல் வலங்கையினர் பலர் ஊரைவிட்டே கிளம்பி, கம்பெனியின் அதிகாரம் எட்டாத சாந்தோமில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். போனவர்களில் படகு, மீன்பிடித் தொழிலாளர்களும் உண்டு. துறைமுகம் இல்லாத ஊர் இது. அலையைத் தாண்டி மசூலா படகு வராவிட்டால் கப்பலில் சரக்கு ஏறாது. அதனால்தான் கவுன்சில் அப்படிப் பதறுகிறது, பக்கம் பக்கமாக எழுதுகிறது. சொந்த கவுன்சில் உறுப்பினர் வில்லியம் ஃப்ரேசரே தூண்டிவிட்டார் என்று பிட் சந்தேகப்பட்டு அவரை நீக்குகிறார். பிட் போன கொஞ்ச நாளில் அதே ஃப்ரேசர் ஆளுநர் நாற்காலியில்!

இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு, "பாருங்க, சாதிக்குள் எப்பவும் அடிதடி, வெள்ளைக்காரன் வந்துதான் அடக்கினான்" என்று பேசுபவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். சாதிச் சண்டை நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. தெருவுக்கான உரிமை அன்றைக்கு உயிர்ப் பிரச்சினை, இன்றைக்கும் பல ஊர்களில் அப்படித்தான். ஆனால் சண்டை இல்லாத வருஷங்களில் அந்தத் தெருக்களில் இவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், யார் யாருக்குக் கடன் கொடுத்தார்கள் என்பதெல்லாம் கவுன்சிலுக்குத் தேவைப்படவில்லை. அதனால் எழுதப்படவில்லை. எழுதப்படாததை நடக்காதது என்று எடுத்துக்கொள்வது நம்முடைய தவறு. அந்தத் தவறுக்கு எதிராக லவ் ஓர் எச்சரிக்கைப் பலகைகூட வைக்கவில்லை.

இண்டெக்ஸ் தொகுதியையும் சொல்ல வேண்டும். ஆளுநர்களையும் கர்னல்களையும் அதில் நொடியில் பிடித்துவிடலாம். துபாஷிகளும் பெரிய வணிகர்களும்கூடக் கிடைக்கிறார்கள். அதற்குக் கீழே போனால் பெயர்கள் தேய்ந்து தொழிலாகவும் சாதியாகவும் மாறிவிடுகின்றன. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் வெறும் எண்ணிக்கை. ஸ்கேன் பிரதியில் சர்ச் செய்யலாம் என்று போனால் அது வேறு கூத்து. செட்டி அங்கே 'சிட்டி' ஆகியிருக்கிறார், நாயக் 'நைகு' ஆகியிருக்கிறார். எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டால்தான் நம் ஆட்கள் அகப்படுவார்கள்.

மாற்று ஆவணம் எப்படியிருக்கும் என்பதற்குப் புதுச்சேரி பக்கம் பார்க்கலாம். ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அவரும் ஆளுநருக்கு வேண்டியவர்தான், வசதியானவர்தான். ஆனாலும் வதந்தி, ஜோசியம், ஊர்ப் பேச்சு, மனக்கசப்பு எல்லாம் அதில் வருகிறது. மதராஸின் 1746 வீழ்ச்சியை லவ்விடமும் பிள்ளையிடமும் மாற்றி மாற்றிப் படித்துப் பாருங்கள். ஒரே சம்பவத்துக்கு இரண்டு சர்வரிலிருந்து லாக் கிடைத்த மாதிரி இருக்கும்.

ஆக, லவ்வைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இவ்வளவு உழைப்பை இன்னொருவர் செய்ய இன்னொரு நூற்றாண்டு ஆகும். படிக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும். 'கலகம்', 'தொல்லை' என்று குறிப்புகள் சொல்லும் இடத்திலெல்லாம் நின்று, எந்த வேலை நின்றது, யாருக்கு நஷ்டம், அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் எந்த விதி மாறியது என்று மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். நான் இப்போது பெத்த நாயக்கரின் காவல் உரிமை பற்றிய பகுதிகளை இப்படிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஊருக்குக் காவல் இருந்தவர், திருட்டுப் போனால் ஈடு கட்டவேண்டியவரும் அவரே. பேட்டைக்கே பெயர் கொடுத்த அந்த உரிமை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பெனி கைக்குப் போனது என்பதை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.