பத்து முறை தொடங்கும் நாவல்

கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாத நாவல் என்று பலவற்றைச் சொல்வார்கள். இதுவோ பத்து முறை நம் கையிலிருந்து பிடுங்கப்படும் நாவல். அப்படியும் கொண்டாடத் தோன்றுகிறது!

இத்தாலிய எழுத்தாளர் இடாலோ கால்வினோ 1979இல் வெளியிட்ட ‘குளிர்கால இரவில் ஒரு பயணி’யைத்தான் சொல்கிறேன். ஒரு வாசகன் கால்வினோவின் புது நாவலை வாங்கி ஆசையாகப் படிக்கிறான். ரயில் நிலையம், புகை, கைமாற வேண்டிய ஒரு பெட்டி... 32ஆம் பக்கம் முடிந்ததும் மறுபடி 17! அதே பக்கங்கள் கொண்ட அச்சுப் பாரத்தையே திரும்பத் திரும்ப வைத்துத் தைத்திருக்கிறார்கள். கடைக்கு ஓடினால், “நீங்கள் படித்தது கால்வினோவே இல்லை, போலந்து நாவல்” என்கிறார் கடைக்காரர். சரியென்று அதை வாங்கிவந்தால், அது வேறு ஏதோ கதை. அதுவும் பாதியில் நின்றுவிடுகிறது. இப்படிப் பத்து நாவல்கள். எல்லாம் சூடுபிடிக்கும் இடத்தில் அறுந்துபோகின்றன. அந்த வாசகனை ‘நீ’ என்றே கால்வினோ அழைப்பதால், கூடவே நானும் ஓடினேன்.

ஒரு கதையில், காலையில் ஓடப் போகும் பேராசிரியருக்கு யார் வீட்டிலோ தொலைபேசி மணி கேட்கிறது. அழைப்பு தனக்குத்தான் என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது. அடடா, என்ன தொடக்கம்!

எங்கே தொடங்குவது என்பது லேசான கேள்வியே இல்லை. லாரன்ஸ் ஸ்டெர்னின் நாவல் நாயகன் டிரிஸ்ட்ராம் ஷாண்டி தன் கதையை முதலிலிருந்து சொல்லப் புறப்பட்டு, கருவான கணத்துக்கே போய்விடுகிறான். அவன் பிறப்பதற்கு மூன்றாம் பாகம் வரை காத்திருக்க வேண்டும்! விமர்சகர் எட்வர்ட் செய்த் 1975இல் தொடக்கங்களைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ஆதிமூலம் தெய்வீகமானது, தொடக்கமோ மனிதர்கள் நோக்கத்தோடு உண்டாக்குவது என்பது அவர் கட்சி. கால்வினோவும் ஹார்வர்ட் உரைகளுக்காக 1985இல் எழுதிய குறிப்புகளில் இதைத் தொட்டிருக்கிறார்: சொல்லச் சாத்தியமான அத்தனை கதைகளிலிருந்தும் ஒன்றைப் பிரித்தெடுக்கும் கணமே தொடக்கம். உரையாற்றப் போவதற்குள் அவர் இறந்துவிட்டார்.

மற்ற நாவல்களில் அந்தக் கணம் ஒரே ஒரு தடவைதான். எல்லாமே நடக்கலாம் என்ற அந்தக் கிளர்ச்சி பத்துப் பக்கத்தில் தீர்ந்து, பிறகு கதை தன் தண்டவாளத்தில் ஓட ஆரம்பித்துவிடும். கால்வினோ அதைத் தீரவே விடுவதில்லை. உள்ளே வரும் பத்து நாவல்களின் தலைப்புகளையும் வரிசையாகச் சேர்த்துப் படித்துப் பாருங்கள்: பதினோராவதாக ஒரு கதை தொடங்கும்!