‘தி ரிவர்’: நாமா, நாங்களா?

பேர் லோரன்ட்ஸ் எழுதி இயக்கிய ‘தி ரிவர்’ அரை மணி நேர ஆவணப்படம். அமெரிக்க அரசு எடுத்த படம். 1938-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் பரிசு வாங்கியது. கதை சிம்பிள். மிசிசிப்பிப் பள்ளத்தாக்கில் காட்டை வெட்டினார்கள், வருஷாவருஷம் பருத்தியே போட்டார்கள், மண் கரைந்து ஆற்றோடு போனது, வெள்ளம் வந்தது. ஆனால் சொல்கிற விதம் அபாரம். ஆற்றுப் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகும் குரல், வர்ஜில் தாம்சனின் இசை... பிரச்சாரப் படம் என்பதே மறந்துபோகும்.

எனக்கு இடிப்பது அந்தக் குரல் திரும்பத் திரும்பச் சொல்லும் ‘வி’ என்ற சொல். காட்டை அழித்ததும் ‘வி’, ஊர்களைக் கட்டியதும் ‘வி’. ஆங்கிலத்தில் இதில் சிக்கலே இல்லை. தமிழில் சொல்லிப் பாருங்க, மாட்டிக்குவீங்க. வெட்டியது ‘நாம்’-ஆ, ‘நாங்கள்’-ஆ? கேட்கிறவரையும் சேர்ப்பதா, வேண்டாமா? படத்தில் பருத்திப் பொதிகளைக் கப்பலில் ஏற்றுகிற கறுப்பினக் கூலிகள் வருகிறார்கள். மர வியாபாரியோடும் பண்ணை முதலாளியோடும் இவர்களும் அந்த ‘நாம்’-க்குள் அடக்கமா?

படத்தின் கடைசிப் பகுதி பரிகாரம். அங்கேதான் சிசிசி பையன்கள் வருகிறார்கள். ரூஸ்வெல்ட் 1933-ல் தொடங்கிய திட்டம் அது. வேலையில்லாத, கல்யாணம் ஆகாத இளைஞர்களை ராணுவம் நடத்தும் முகாமில் தங்கவைத்து மரம் நடுவது, அரித்த பள்ளங்களில் சின்னச் சின்னத் தடுப்பணை கட்டுவது, சரிவுக்குக் குறுக்கே கரை போடுவது மாதிரி வேலை கொடுத்தார்கள். மாசம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். 1942-ல் முடியும்வரை சுமார் 30 லட்சம் பேர் போய்வந்தார்கள்.

படத்தில் இதெல்லாம் கிடையாது. மரக்கன்றும் மண்வெட்டியும் தெரிகின்றன. கூலியும் வீட்டு நிலைமையும் தெரியவில்லை. முகாமுக்குள் இருந்த கோடும் தெரியவில்லை. நிற வேறுபாடு பார்க்கக் கூடாது என்று 1933 சட்டத்திலேயே இருக்கிறது. அதைச் சேர்க்கவைத்தவர் அன்றைய காங்கிரஸில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர் ஆஸ்கர் டி பிரீஸ்ட். அப்படியிருந்தும் 1935-ல் திட்ட இயக்குநர் ராபர்ட் ஃபெக்னர் கறுப்பின இளைஞர்களுக்குத் தனி முகாம் என்று உத்தரவு போட்டார். ஒரே மண்ணைக் காப்பாற்றப் போனவர்கள் ஒரே இடத்தில் படுக்க முடியவில்லை.

அரை மணி நேரப் படத்தில் எல்லாத்தையும் சொல்ல முடியுமான்னு கேட்கலாம். நியாயம்தான். நிலம் ஏழையானால் மனுஷனும் ஏழையாவான் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய படமும் குறைவு. ஆனால் அத்தனை ஆறுகளுக்குப் பெயர் சொல்ல நேரம் இருந்ததே! ‘நாம்’ என்றால் யார் என்று சொல்ல ஒரு வரி போதும். அதைச் சொல்லாததால், லாபம் பார்த்தவனுக்கும் கூலிக்கு மாரடித்தவனுக்கும் தவறு சமமாகப் பங்காகிறது; சரிசெய்கிற வேலையோ ஏறக்குறைய நாளுக்கு ஒரு டாலருக்கு ஏழை வீட்டுப் பையன் தலையில் விழுகிறது.

‘நாம் பூமியைக் கெடுத்துவிட்டோம்’ என்று இன்று தமிழில் எழுதும்போதும் இதே ‘நாம்’ சுலபமாக வந்துவிடுகிறது. நம்ம மொழி இரண்டு சொல் கொடுத்திருக்கிறது. எதைப் போடுகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.