மாயாவியின் கை

அசல் எது என்று கேட்கத் தொடங்கி, விலை எவ்வளவு என்பதில் வந்து நிற்பது சேகரிப்பாளர்களின் சுபாவம். இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. விலையைத் தவிர வேறு அளவுகோல் எதையும் நம் விமர்சனம் அவர்கள் கையில் கொடுத்துவிடவில்லை. நவீன ஓவியம் பற்றித் தமிழில் எழுதப்பட்டதில் பெரும்பகுதி ஓவியருக்கு நண்பர்கள் வாசித்த பாராட்டுப் பத்திரம். சித்திரக் கதை பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி பால்ய காலத்து ஏக்கம். கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே தடிக்கிறது, எங்கே ஓவியன் கையை எடுத்துவிட்டான் என்ற பேச்சு இரண்டிலுமே அபூர்வம்.

நாகர்கோவில் வடசேரியில் ஒரு மாடி அறையில் நடந்த தர்க்கம்தான் இதை எழுதத் தூண்டியது. தர்க்கம் செய்தவர்கள் இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள், பள்ளித் தோழர்கள். ஒருவர் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஆதிமூலத்தின் கோட்டோவியம் ஒன்றை வாங்கியவர். பிறகு சோழமண்டலத்து ஓவியர்கள் சிலரின் படங்களையும் சேர்த்தவர். மற்றவர் ஹார்டுவேர் கடைக்காரர். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வந்தபோது பத்து வயது. அன்று வாங்கியதை இன்றுவரை வைத்திருப்பதாகச் சொல்கிறார். அண்ணாச்சி சொன்னால் நம்பலாம்.

பேராசிரியரின் மகள் லண்டனிலிருந்து ஒரு அஞ்சலட்டை அனுப்பியிருந்தாள். டேட் மியூசியத்தில் இருக்கும் ராய் லிச்சென்ஸ்டைனின் ‘வாம்!’ ஓவியம். 1963இல் வரையப்பட்டு 1966இல் அந்த மியூசியம் வாங்கியது. ஒரு போர் விமானம் சுட, இன்னொன்று வெடிக்கிறது. இரண்டு கித்தான்கள், சேர்த்தால் நான்கு மீட்டர் அகலம். அண்ணாச்சி அட்டையை வாங்கிப் பார்த்த உடனேயே சொன்னார்: “இது இர்வ் நோவிக் வரைஞ்சதுல்லா வே. இவன் களவாண்டிருக்கான்.”

சொன்னது சரிதான். 1962இல் டிசி நிறுவனம் வெளியிட்ட ஒரு போர்க்கதை காமிக்ஸ் இதழில் நோவிக் வரைந்த ஒற்றைச் சட்டகத்திலிருந்துதான் அந்த ஓவியம் பிறந்தது. அதே இதழில் ரஸ் ஹீத் வரைந்த ஒரு விமானத்தையும் லிச்சென்ஸ்டைன் விட்டுவைக்கவில்லை. அது ‘ப்ளாம்’ என்ற கித்தானாயிற்று. ஹீத் முதுமையில், 2014இல், தன் மனக்குறையை ஒரே பக்கச் சித்திரக் கதையாக வரைந்து காட்டினார். லிச்சென்ஸ்டைனின் ‘நர்ஸ்’ 2015இல் ஏலத்தில் ஒன்பதரைக் கோடி டாலருக்குப் போயிற்று. அதற்கும் மூலம் ஒரு காமிக்ஸ் சட்டகமே.

பேராசிரியர் விடவில்லை. “பொட்டலம் மடிக்கப் போன தாள்ல கெடந்தத எடுத்துப் பாக்க வச்சானே, அதுக்குத்தான் ஓய் வெல. பாக்க வைக்கிறதும் படைப்புதான்.” அண்ணாச்சியும் சளைக்கவில்லை. சூப்பர்மேன் முதன்முதலாக வந்த 1938ஆம் வருஷத்து இதழின் பிரதி ஒன்று 2024இல் அறுபது லட்சம் டாலருக்கு விற்றதை எடுத்துப் போட்டார். பொட்டலத் தாளுக்கும் விலை உண்டு என்பது வாதம். அந்தச் சூப்பர்மேனை எழுதிய சீகலும் வரைந்த ஷூஸ்டரும் தங்கள் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் என்பதை இரண்டு பேருமே சொல்லவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்கள். விமர்சனம் எழுதுகிறவன், தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம்.

நான் வங்கியில் நகைக்கடன் பிரிவில் உட்காருகிறவன். அங்கே அப்ரைசர் உரைகல்லில் தேய்த்து, கல்லைக் கழித்து, நிகர எடையைச் சொல்லுவார். செய்கூலிக்கு மதிப்புக் கிடையாது. மூன்று தலைமுறைக்கு முன் கோட்டாற்றுத் தட்டான் ஒருவன் இரவெல்லாம் கண்விழித்துச் செய்த நாகபடமும் நேற்று மிஷினில் அடித்த செயினும் தராசில் ஒன்று. இதைக் கொடுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓவியச் சந்தையில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே எடை பூஜ்யம், கையெழுத்துதான் எல்லாம். காமிக்ஸ் சந்தையில் கையெழுத்தும் இல்லை. தாள் மடிந்திருக்கிறதா, பின் துருப்பிடித்திருக்கிறதா, அட்டை கிழியாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். செய்நேர்த்தியை மூன்று தராசிலும் யாரும் வைத்துப் பார்ப்பதில்லை.

நான் சொன்ன தீர்ப்பு இருவருக்கும் பிடிக்கவில்லை. லிச்சென்ஸ்டைன் திருடியது உண்மை. ஆனால் அவர் திருடியது சித்திரக் கதையை அல்ல.

சித்திரக் கதையின் அலகு சட்டகம் அல்ல என்பது என் கட்சி. ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே விடப்படும் வெள்ளைக் கீற்றில்தான் அந்தக் கலை இயங்குகிறது. முதல் கட்டத்தில் கதவின் கைப்பிடி. இரண்டாம் கட்டத்தில் திறந்த கதவு. திறந்தவன் வாசகன். இந்த வேலையை வாசகனிடம் வாங்கத் தெரிந்தவனே நல்ல காமிக்ஸ் ஓவியன். லிச்சென்ஸ்டைன் ஒரு சட்டகத்தை மட்டும் பெயர்த்தெடுத்துச் சுவரில் மாட்டுகிறார். வெள்ளைக் கீற்று போய்விட்டது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ‘மூழ்கும் பெண்’ ஓவியத்தில் அவர் செய்தது இன்னும் தெளிவு. டோனி அப்ருஸோ வரைந்த மூலத்தில், பின்னால் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு காதலன் இருக்கிறான். லிச்சென்ஸ்டைன் அவனைத் துடைத்தெறிந்தார். வசனத்தில் அவன் பேரையும் மாற்றினார். அலைகளை ஜப்பானிய ஹொகுசாயின் அலைபோல் சுருட்டினார். மிஞ்சியது ஒரு பெண்முகம், தண்ணீர், அசைவற்ற ஒரு அழுகை. அது வேறு பொருள். நல்ல ஓவியம் என்றே நினைக்கிறேன். அச்சுப் புள்ளிகளைக் கையால் பெரிதாக்கிப் போட்டதில் ஒரு குரூரமான நகைச்சுவையும் உண்டு.

ஆனால் ‘உயர்த்தினார்’ என்று பேராசிரியர் சொன்னாரே, அது அபத்தம். ஒரு பாசுரத்திலிருந்து ஒரு சீரைப் பிய்த்துத் தோரணத்தில் எழுதிக் கட்டினால் பாசுரம் உயர்ந்துவிடாது. மூலக்காரன் பெயரைச் சொல்லாமல் விட்டது கலைக் குற்றமல்ல என்று வாதிடலாம். மனிதக் குற்றம் என்பதை மறுக்க முடியாது.

இங்கே அண்ணாச்சி முகத்தில் ஒரு வெற்றிக்களை தெரிந்தது. அதையும் கெடுக்க வேண்டியதாயிற்று. “அண்ணாச்சி, மாயாவிய வரைஞ்சது யாரு?” இன்று அவருக்குத் தெரியும். 1972இல் தெரியாது, அடுத்த பல வருஷங்களுக்கும் தெரியாது. வரைந்தவர் ஸ்பெயின் தேசத்து ஹெசூஸ் பிளாஸ்கோ. பார்சிலோனாக்காரர், தம்பிமாரும் அதே தொழில். 1962இல் லண்டனின் ‘வேலியண்ட்’ வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை அது. கென் புல்மரும் பிறகு டாம் டல்லியும் எழுதினார்கள். அன்றைய பிரிட்டிஷ் சிறுவர் பத்திரிகைகளில் ஓவியன் பெயர் போடும் வழக்கம் இல்லை. மூலப் பக்கங்களும் பதிப்பகத்துக்கே சொந்தம். சிவகாசிக்கு வந்தபோது ஆங்கில எழுத்தைத் துடைத்துத் தமிழை எழுதினார்கள். வாராவாரம் காத்திருந்து படித்தது ஒரே மூச்சில் படிக்கிற புத்தகமாயிற்று. பிளாஸ்கோவின் பெயர் இங்கும் இல்லை. நோவிக்கின் பெயரை மறைத்த பாவத்தை லிச்சென்ஸ்டைன் தலையில் கட்டுகிற தமிழ்க் காமிக்ஸ் ரசிகன், பிளாஸ்கோவின் பெயர் தெரியாமலே பல வருஷம் அவரைச் சாப்பிட்டிருக்கிறான்.

கதையே இதைச் சொல்கிறது என்று நினைத்தால் வேடிக்கைதான். லூயிஸ் கிராண்டேலுக்கு மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். எஃகுக் கை மட்டும் தெரியும். இந்த ஒரு விஷயத்துக்காகவே பிளாஸ்கோவைப் பாடம்போல் பார்க்க வேண்டும். இல்லாத ஒருவனை வரைவது எப்படி? மேசை, நாற்காலி, நிழல், அந்தரத்தில் ஒரு கை. உடம்பு இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. ஆனால் அந்தக் கை எந்தத் தோளிலிருந்து வருகிறது, அவன் குனிந்திருக்கிறானா, திரும்பி நிற்கிறானா என்பது மணிக்கட்டின் கோணத்தில் தெரிந்துவிடுகிறது. கனத்த கறுப்புகளால் அறையைக் கட்டி, நடுவில் ஒரு வெற்றிடத்துக்கு எலும்பும் எடையும் கொடுத்திருக்கிறார். நவீன ஓவியத்தில் வெற்றிடம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம் — என்னையும் சேர்த்தே சொல்கிறேன் — இதைத் திரும்பிப் பார்த்ததில்லை. சிறுபிள்ளை சமாசாரம் என்று ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன்.

ஆதிமூலத்துக்கு வருகிறேன். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவர் வரைந்த காந்திகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கோடு உருவத்தை வரைவதில்லை; உருவத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, அது எங்கே இருக்கிறது என்று தேடுகிறது. பேராசிரியர் வீட்டில் இருப்பது அந்த வகைக் கோடு. அதைக் கண்ணாடி போட்டு, வெயில் படாமல், அலமாரிக்குள் வைத்திருக்கிறார். நான் பார்த்தது இரண்டே தடவை. ஆனால் ஆதிமூலம் எனக்கு அந்தப் படத்தின் மூலம் அறிமுகமாகவில்லை. நம் பத்திரிகைகளின் பழைய இதழ்களில், புத்தக அட்டைகளில், கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு ஜூனியர் விகடனில் அவர் போட்ட படங்களில் அறிமுகமானார். மட்டமான தாள், மை கசிந்த அச்சு. பேராசிரியர் அந்த விகடன் படங்களை வெறும் கதைப்படம் என்கிறார். கை அதே கைதான் சார் என்றேன். விலை அதே இல்லையே என்று அண்ணாச்சி சிரித்தார். அது நியாயமான சிரிப்பு.

திருவிதாங்கூரில் பிறந்தவர்களுக்கு இந்தச் சச்சரவு புதிதல்ல. இந்த ஜில்லா முன்பு அந்த ராஜ்யத்தில்தான் இருந்தது. கிளிமானூர் ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் வீட்டுக்கு வீடு அனுப்பினார். நாஞ்சில் நாட்டு வீடுகளில் அந்தப் படங்கள் புகையேறித் தொங்கின. அச்சுப்படத்தால் ரவிவர்மா மலிந்துபோனார் என்று நவீனர்கள் ஏளனம் செய்தார்கள். அவருடைய யசோதையும் கிருஷ்ணனும் உள்ள எண்ணெய் ஓவியம் 2023இல் 38 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. அந்த மலிந்த அச்சுப்படங்களையும் இன்று தேடி வாங்குகிறார்கள். ஒரே ஓவியனுக்குள் பேராசிரியரும் அண்ணாச்சியும் சேர்ந்தே இருக்கிறார்கள். அசலைப் பார்த்தவர்கள் சில நூறு பேர். நம் பாட்டிமார் கும்பிட்டது பிரதியை. அந்த அனுபவத்தைப் போலி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நம் வட்டத்துக்கும் இது பொருந்தும் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்களுக்கு இப்போது கிராக்கி வந்துவிட்டது. 1970இல் தொடங்கிய ‘கசடதபற’வின் ஒரு இதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கும் நண்பரிடம், அதில் ஒரு கட்டுரை பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன், உறையைப் பிரிக்க வேண்டாம் என்றார். சில நூறு பேர் படித்துச் சண்டை போடுவதற்காக அச்சடித்த தாள் அது. படிக்கக் கூடாத பொருளாக அது மாறுவதைவிடப் பொட்டலமாகப் போயிருக்கலாம் என்று அன்று தோன்றியது. கோபத்தில் தோன்றியதுதான், ஆனாலும் திரும்பப் பெற்றுக்கொள்ள மனமில்லை.

அண்ணாச்சியின் 1972ஆம் வருஷத்து மாயாவியும் உறைக்குள்தான் இருக்கிறது. பிரித்துக் காட்டச் சொன்னேன், மறுத்துவிட்டார். பேராசிரியரும் அலமாரியைத் திறக்கவில்லை. மழைக்காலம், ஈரம் ஏறிவிடுமாம். கடைசியில் அண்ணாச்சி உள்ளே போய் மாயாவியின் மறுபதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். பேராசிரியர் விகடனிலிருந்து எப்போதோ கத்தரித்து வைத்திருந்த ஆதிமூலம் படம் ஒன்றைப் புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்தார். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மின்விசிறியில் பறக்காமல் ஒன்றின்மேல் அண்ணாச்சி தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்தார்.

பேராசிரியர் வெகுநேரம் மாயாவியைப் பார்த்தார். “இந்த வெரல் மடிப்புல நிப்பால வரையல, பிரஷ்ஷுதான்” என்றார். “இல்ல வே, மை கசிஞ்சிருக்கு. பழைய பதிப்புல இது ஒல்லியா இருக்கும்” என்றார் அண்ணாச்சி. அப்படியானால் பழையதைக் கொண்டுவாரும், பார்ப்போம் என்றார் பேராசிரியர். அண்ணாச்சி சற்று யோசித்துவிட்டு, கத்திரிக்கோல் எங்கே என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டே எழுந்தார்.