மரு போச்சு, நிறமும் போச்சு

சித்திக்குக் கன்னத்திலும் கழுத்திலும் மிளகு மிளகாக மருக்கள். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. போன வருடம் மகள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கிளினிக்கில் உறைய வைத்து எடுத்துக்கொண்டார். மரு போச்சு. ஆனால் அது இருந்த இடமெல்லாம் இப்போது வெள்ளைப் புள்ளி. "கறுப்பா இருந்தப்ப ஒருத்தரும் கேக்கலடா. இப்ப பாக்குறவங்க எல்லாம் கேக்குறாங்க" என்கிறார். கிரையோதெரபி பற்றி நான் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் அதன் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 1899-ல் நியூயார்க்கில் கேம்பல் வைட் திரவக் காற்றைத் தோல் நோய்களுக்குப் பயன்படுத்தினார். 1907-ல் சிகாகோவின் வில்லியம் பியூசி கார்பன் டை ஆக்ஸைடு பனியை எடுத்துக்கொண்டார். 1950-ல் ஆலிங்டன் பஞ்சுக் குச்சியை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் நனைத்துத் தொட்டு வைத்தார். ஊசி வேண்டாம், தையல் வேண்டாம், சில நொடிகளில் வேலை முடியும். நூறாண்டுக்கு மேல் நிலைத்திருப்பது சும்மா இல்லை.

என் விமர்சனம் வேறு இடத்தில். தோலின் மேலடுக்கு செல்கள் சாக ஏறக்குறைய மைனஸ் 25 டிகிரி குளிராவது வேண்டும். நிறம் தரும் மெலனோசைட்டுகளோ மைனஸ் 5 டிகிரி சுமாரிலேயே செத்துவிடும். அதாவது மருவைக் கொல்லும் குளிர், அதைச் சுற்றியுள்ள நிறத்தை அதற்கு முன்னாலேயே கொன்றுவிடுகிறது. இது மருத்துவரின் கைப்பிழை மட்டும் அல்ல, முறையின் இயல்பே அதுதான். பக்கத்துத் தோலிலிருந்தும் மயிர்க்கால்களிலிருந்தும் நிறச் செல்கள் மெல்ல நகர்ந்து வந்து சில மாதங்களில் நிறம் திரும்பலாம். திரும்பாமலும் போகலாம்.

வெளுத்த தோலில் இந்த இழப்பு கண்ணில் அவ்வளவாகப் படாது. அதனால்தானோ என்னவோ, நோயாளிகளுக்கான கையேடுகளில் வலி, கொப்புளம், வீக்கம் எல்லாம் வந்த பிறகு கடைசியில் ஒரு வரியாக 'நிற மாற்றம்' வருகிறது. நம் மாநிறத்துக்கு அது முதல் வரியில் இருக்க வேண்டும். வெண்புள்ளியைப் பார்த்தவுடன் "குஷ்டமா?" என்று கேட்கிற ஊரில் அது சின்னப் பக்கவிளைவு இல்லை.

ஆபத்தான நோய் என்றால் தழும்பைப் பொறுத்துக்கொள்ளலாம், கணக்கு நேராகும். இங்கே எடுக்கப்போவது தீங்கில்லாத ஒன்று. அழகுக்காகத்தான் எடுக்கிறோம். அந்த அழகே கெடும் என்றால் சிகிச்சை எதற்கு?

இன்னொரு குறையும் உண்டு. உறைய வைத்தால் திசு அங்கேயே அழிந்துவிடுகிறது, பரிசோதனைக்கு அனுப்பத் துண்டு மிஞ்சாது. கறுப்பாக வளர்கிற, வடிவம் மாறுகிற எதையும், இது தீங்கற்றதுதான் என்று உறுதியாகாமல் உறைய வைக்கக் கூடாது.

கிரையோவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளங்காலில் ஆணி மாதிரி வரும் வைரஸ் மருவுக்கு அது பொருந்தலாம், அங்கே நிறம் பெரிய விஷயம் இல்லை. முகத்துக்கு என்றால், கத்தரித்தோ மெல்லச் சுட்டோ எடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள். அவற்றிலும் நிறம் மாறலாம்தான். உறைய வைத்தே ஆக வேண்டும் என்றால், காதுக்குப் பின்னால் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள்.

சித்தியிடம் இதை யாரும் சொல்லவில்லை. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா மருவோடயே கல்யாணத்துல நின்னிருப்பேன்" என்கிறார்.