கட்டற்ற தளத்தின் புதுத்தோற்றமும் பயனர் விருப்பங்களின் சமநிலையும்: வெரிபீத் தமிழ் வாசகர் நோக்கில் விக்கிப்பீடியா

முன்னுரை

அச்சு நூலில் எழுத்தின் அளவையும் வரியின் நீளத்தையும் பதிப்பாளர் ஒருமுறை முடிவுசெய்துவிடுகிறார். இணையத்தளத்திலோ அம்முடிவை வாசகரும் பகிர்ந்துகொள்ள இயலும். ஆயினும் உருவாக்குநர், தொகுப்பாளர், வாசகர் ஆகிய மூவகையினரின் விருப்பங்கள் முரண்படும்போது எத்தோற்றத்தை இயல்பிருப்பாக வைப்பது என்னும் சிக்கல் எழுகிறது. மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளின் ‘வெக்டர் 2022’ தோற்றத்தைச் சான்றாகக் கொண்டு, மெல்பேர்ண் மாநகரின் தென்மேற்கில் அமைந்த வெரிபீயில் வாழும் தமிழ் வாசகர் நோக்கில் இச்சிக்கலை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாசகர் பன்மை

ஆஸ்திரேலியாவின் 2021ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, வீட்டில் தமிழ் பேசுவோர் தொகை 95,000-ஐக் கடந்துள்ளது. இவர்கள் ஒருபடித்தானவர் அல்லர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதியவர், சென்னையிலிருந்து பணிநிமித்தம் குடியேறியவர், விக்டோரிய மாநில உயர்நிலைத் தேர்வுக்குத் தமிழைப் பாடமாகப் பயிலும் மாணவி ஆகிய மூவரும் வெரிபீயில் ஒரே தெருவில் வாழக்கூடும். முதியவருக்குப் பெரிய எழுத்து வேண்டும். பணியாளர் பெரும்பாலும் கைப்பேசியிலேயே படிப்பார். மாணவிக்கோ ஆங்கிலப் பக்கத்துக்கும் தமிழ்ப் பக்கத்துக்கும் இடையே விரைந்து மாறும் வழி தேவை.

புதுத்தோற்றமும் அதன் குறையும்

2010 முதல் வழங்கிய வெக்டர் தோற்றத்துக்கு மாற்றாக வந்த புதுத்தோற்றம், 2023 சனவரியில் ஆங்கில விக்கிப்பீடியாவின் இயல்பிருப்பாயிற்று. வரிகளின் நீளம் வரையறுக்கப்பட்டது. பொருளடக்கம் பக்கவாட்டுக்கு வந்தது. மொழிமாற்றும் வசதி தலைப்பின் அருகே ஏறியது. இறுதியாகக் கூறியது மாணவி போன்ற இருமொழி வாசகருக்குப் பெருநன்மை எனலாம். எனினும், வெற்றிடம் மிகுந்துவிட்டது என்று தொகுப்பாளர் பலர் எதிர்த்தனர். கணக்குடையோர் பழைய தோற்றத்தையே தொடர்ந்து தெரிவுசெய்ய வழி இருந்தது.

இத்தீர்வு நடுநிலையானதாகத் தோன்றினும் முழுமையானதன்று. எதிர்ப்பைத் தெரிவித்தோரும் மாற்றுவழி பெற்றோரும் பெரும்பாலும் கணக்குடையவரே. புகுபதிகை செய்யாமல் படித்துச் செல்லும் வாசகருக்கு அத்தகைய தெரிவு வாய்க்கவில்லை. 2024இல் எழுத்தின் அளவு, பக்க அகலம், வண்ணம் ஆகியவற்றைக் கணக்கில்லாதாரும் மாற்றிக்கொள்ளும் ‘தோற்றம்’ என்னும் பட்டி வந்தபின்னரே இக்குறை பெரிதும் நீங்கியது. உரத்துக் கேட்போரின் விருப்பங்களை மட்டும் எடைபோடுவது சமநிலையாகாது என்பதை இது காட்டுகிறது.

தமிழுக்குரிய அளவுகோல்

வரிக்கு 45 முதல் 75 எழுத்து என்னும் அச்சுக்கலை மரபு இலத்தீன் எழுத்தை அடிப்படையாகக் கொண்டது. தமிழில் ‘கொ’ என்னும் ஓரெழுத்தே மூன்று வடிவங்களின் இடத்தைக் கொள்கிறது. புணர்ச்சியாலும் உருபுகளாலும் சொற்களும் நீள்கின்றன. எனவே குறுகிய பக்கவாட்டுப் பொருளடக்கத்தில் ஆங்கிலத் தலைப்பு ஒருவரியில் அடங்க, அதற்கு நிகரான தமிழ்த் தலைப்பு இரண்டு மூன்று வரிகளாக மடிய நேர்கிறது. பொதுவான ஓர் அளவை எல்லா மொழிகளுக்கும் ஏற்றுவது சமன்மை போலத் தோன்றினும், விளைவில் ஒரு மொழிக்கே சலுகை ஆகிறது.

விசைப்பலகை தரும் பாடம்

இதே மென்பொருளின் உள்ளீட்டுக் கருவி வேறொரு முன்மாதிரியைத் தருகிறது. சென்னையில் 1999இல் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தரமான தமிழ்99, ஈழத்தமிழரிடையே பரவிய பாமினி, உரோமன் எழுத்தால் தட்டும் ஒலிபெயர்ப்பு ஆகிய மூன்றும் அதில் அருகருகே உள்ளன. ஒன்றை வெல்லவைத்து மற்றவற்றை நீக்கவில்லை. எம்முறையில் தட்டினும் விளைவது ஒரே ஒருங்குறித் தமிழாதலின், ஒருவர் விருப்பம் மற்றவருக்கு இடையூறாவதில்லை. பழக்கத்தில் பன்மையும் பனுவலில் ஒருமையும் இங்கே பொருந்துகின்றன. தோற்றத்தின் வடிவமைப்பும் இந்நெறியைப் பின்பற்றலாம்.

முடிவுரை

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா தன்னார்வலரால் வளர்வது. வாசகராய் வருபவரே நாளைய தொகுப்பாளர். பக்கத்தைப் படிக்க இயலாமல் திரும்பும் முதியவரோடு, அவர் அறிந்த ஊர்ப்பெயர்களும் தொழிற்சொற்களும் பதிவாகாமல் திரும்பிவிடுகின்றன. ஆதலின் இயல்பிருப்பைக் கணக்கில்லா வாசகரை முன்னிறுத்தி வகுத்தல், எழுத்தளவையும் வரியளவையும் தமிழ்ப் பனுவலைக் கொண்டே சோதித்தல், அச்சோதனையில் பல நாட்டு, பல வயதுத் தமிழரைச் சேர்த்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதன. எல்லா விருப்பங்களையும் ஒரு பக்கத்தில் நிறைவேற்ற இயலாது. ஆயின் பேசாத வாசகரின் தேவையையும் கணக்கிற்கொள்ள இயலும்.