பன்யன் கண்ட இரு வழக்குமன்றங்கள்

இரட்சணிய யாத்திரிகத்தைக் கற்போர் அதன் விருத்தப் போக்கினையும், கம்பனை நினைவூட்டும் இடங்களையும் வியந்து பேசுதல் வழக்கம். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட அக்காப்பியத்திற்கு ஜான் பன்யனின் பயண உருவகமே மூலம் என்பதும் யாவரும் அறிந்ததே. ஆயின், அம்மூலத்தின் ஆசிரியர் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தவர் என்பதனை எளிதில் மறந்துவிடுகின்றோம். அரசாணைக்குக் கிறித்தவன் எதுவரை அடங்குதல் வேண்டும், எவ்விடத்து மறுத்தல் வேண்டும் என்னும் வினாவிற்கு அவர் தம் வாழ்விலும் நூலிலும் கூறிய விடைகள் ஒன்றல்ல. இரண்டு என்பது என் கருத்து.

முதலில் நூலை நோக்குவோம். மாயச் சந்தையில் உண்மை என்னும் பெயருடைய பயணி குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகின்றான். வாணிகத்தைக் கெடுத்தான், கலகம் விளைத்தான், அரசன் சட்டத்தை இகழ்ந்தான் என்பன குற்றச்சாட்டுகள். பொறாமை முதலிய மூவர் சான்று பகர்கின்றனர். நன்மையை வெறுப்போன் என்னும் நடுவன் தீர்ப்புக்கு முன் எடுத்துக்காட்டும் முற்சட்டங்கள் எவை? ஆண்மகவுகளை ஆற்றில் எறியச் செய்த பார்வோனின் ஆணை. பொற்சிலையை வணங்காதாரைத் தீச்சூளையில் இடச் செய்த நேபுகாத்நேச்சாரின் ஆணை. தன்னையன்றிப் பிறரை வேண்டுவோரைச் சிங்கக் குகையில் தள்ளச் செய்த தரியுவின் ஆணை. விவிலியம் அறிந்தார் அனைவரும் கொடுமை என்று கொள்ளும் ஆணைகளையே சட்டத்தின் பெருமைக்குச் சான்றாக அடுக்கும் இந்த எள்ளல், நூலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று என்பேன்.

எனினும் ஈண்டு ஒரு குறை உண்டு. அந்நகரத்து அரசன் பெயெல்செபூல், பேய்களின் தலைவன். அவனை எதிர்ப்பதில் எவர்க்கும் ஐயம் எழ இடமில்லை. உருவகம் வினாவைக் கூர்மையாக்கவில்லை, அதனை நீக்கிவிடுகின்றது.

வாழ்விலோ வழக்கு இத்துணை எளிதாக இல்லை. 1660 நவம்பரில் பன்யனைச் சிறைப்படுத்திய அரசன் பேயல்லன், இரண்டாம் சார்லசு. அவனைத் தம் அரசன் என்றே பன்யனும் ஒப்புக்கொண்டார். கைதுக்கு ஆணை பிறந்ததை முன்னரே அறிந்தும், கூட்டத்தைக் கைவிட்டு அகலுமாறு நண்பர் கூறியும், அவர் ஓடவில்லை. சிறைக்கு வந்து வாதிட்ட பால் காப் என்னும் மாவட்ட அலுவலர், அதிகாரங்கள் கடவுளால் ஏற்பட்டவை என்னும் பவுலின் உரோமர் மடலை முன்வைத்தார். வலிய வாதம்தான். பன்யன் அதனை மறுக்கவில்லை. அதிகாரம் கடவுளுடையது என்று ஏற்ற பவுலே அவ்வதிகாரத்தின் கீழ்ப் பலகாற் சிறைப்பட்டார் என்று மட்டும் நினைவூட்டினார். கீழ்ப்படிதல் இருவகை என்பது அவர் கொள்கை: மனச்சான்று இசையுமிடத்துச் செய்து கீழ்ப்படிதல், இசையாவிடத்து மறுத்து, அதற்குரிய தண்டனையை எதிர்த்து நில்லாது ஏற்றுக் கீழ்ப்படிதல். கலகம் பேசுவதாக ஐயமிருப்பின் தம் சொற்பொழிவுக் குறிப்புகள் அனைத்தையும் ஒப்படைப்பதாகவும் கூறினார். தாம் மறுப்பது ஓர் ஆணையையேயன்றி அரசையன்று என்பதனை இதனினும் தெளிவாக எங்ஙனம் காட்டுவது?

மற்றொன்றும் கருதத்தக்கது. தண்டனையை ஏற்றல் என்பது வாளா இருத்தல் ஆகாது. 1661இல் அவர்தம் மனைவி எலிசபெத்து நீதிபதிகள் முன் நின்று கணவருக்காக வழக்குரைத்தார். பேணுதற்கு நான்கு குழந்தைகள். அவருள் ஒரு பெண் கண்ணிழந்தவள். கணவர் சமய உரையை விடுவாரா என்று வினவியபோது, பேச வல்லவராக உள்ளவரை விடத் துணியார் என்று விடையிறுத்தார். நீதிபதி மாத்தியூ ஏல் இரங்கிச் சட்டவழிகளைச் சுட்டினார், விடுதலையோ கிட்டவில்லை. பன்யனின் கொள்கைக்கு விலை கொடுத்தவருள் இவ்வம்மையாரும் அக்குழந்தைகளும் முதல்வர் என்பதனைத் திறனாய்வாளர் விட்டுவிடலாகாது. மற்றொருவர் பசியின்மேல் ஒருவன் தன் மனச்சான்றைக் காத்தல் தகுமோ எனின், எளிதில் விடை கூற இயலவில்லை. பன்யனும் அத்துயரைத் தம் தன்வரலாற்றில் மறையாது எழுதியுள்ளார்.

1672இல் அரசன் விலக்காணை பிறப்பித்து, உரிமம் பெற்றோர் உரையாற்றலாம் என்றபோது, பன்யன் உரிமம் பெற்றார். பன்னிரண்டு ஆண்டுகள் மறுத்தவர் இறுதியில் பணிந்தாரோ என்று வினவுவார் உளர். அவர் மறுத்தது உரையாற்றலாகாது என்னும் தடையை. உரையாற்ற இடந்தரும் ஆணையை ஏற்றதில் முரண் இல்லை என்று கொள்வதே பொருந்தும். அவ்விலக்காணை மறு ஆண்டே மீளப்பெறப்பட, அவர் மீண்டும் சிலகாலம் சிறைப்பட்டார்.

உருவக நூலின் முதற்பகுதி 1678இல் வெளிவந்தது. காப் என்பவரோடு நிகழ்த்திய உரையாடலோ, பன்யன் மறைந்து எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 1765இல்தான் அச்சேறிற்று. ஆகவே, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் படிப்போர் பேயரசனின் மன்றத்தை மட்டுமே கண்டனர்.