நாபோத்தின் தோட்டமும் காவிரிப் படுகையும்

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் புதிய திட்டங்களைத் தடுக்கிறது. 2017-இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் போராடிய மக்களுக்கு இதில் பங்குண்டு. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் சட்டத்திற்கு முன்னரே இயங்கிவந்த கிணறுகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. நிலக்கரியை விட்டு நீங்கும் வழியில் எரிவாயுவே இடைக்கால எரிபொருள் என்று வாதிக்கப்படும் இக்காலத்தில் இவ்விலக்கு சிறிதன்று.

இப்பொருளைப் பிரசங்கிப்போர்க்கு நாபோத்தின் திராட்சத்தோட்டம் எளிதில் கைகொடுக்கும். நாபோத்தோ பிதிரார்ஜிதம் உடையவன். 1968-இல் அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் எரியுண்ட 44 பேரும் நெற்கூலியை உயர்த்திக் கேட்ட தலித் தொழிலாளர் குடும்பத்தார். ஆகாப் பறிப்பதற்கு அவர்களிடம் தோட்டமே இருந்ததில்லை. வயலைக் காக்க வந்த இச்சட்டமும், அவ்வயலில் நாற்று நடுகிறவளுக்கு அதில் என்ன உரிமை என்று கேட்கவில்லை.